ஆளில்லாத ஆலைகள்

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிகள் உண்டு, தொழிலாளிகள்தான் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் பதிவேட்டைப் புரட்டலாம்.

லாரி கொட்டிய குச்சிக்கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, கத்தியால் ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு நெம்பல் என்று நாளெல்லாம் தோல் உரிக்கிறார்களே, அந்தப் பெண்கள்? மேஸ்திரியின் ஆட்கள். பத்தும் பத்தாததுமாய்ச் செருப்புப் போட்டு, கொதிக்கிற களத்தில் ஜவ்வரிசியைக் கிளறுகிறவர்கள்? சும்மா வந்து போகிறவர்கள். வறுக்கிற சூட்டில் நிற்கிறவர்? வடக்கத்திக்காரர், கான்ட்ராக்ட். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது முதலாளியும் கணக்குப்பிள்ளையும். எல்லா ஆலையையும் சொல்லவில்லை; உறுத்துகிறவர்களுக்கு உறுத்தட்டும்.

இவ்வளவு தன்னடக்கம் ஏன்? 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. அப்புறம் கழிப்பறை எங்கே, ஓவர்டைம் எங்கே என்று கேள்வி வரும். அதனால் சிலருக்கு ஒன்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் போயிற்று.

அவர்கள் படும் பாட்டைப் பார்த்து டில்லிக்கு மனம் இளகிவிட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த 10, 20 ஆகிவிட்டது. இனிப் பத்தொன்பது வரை தாராளமாய் எண்ணலாம். பத்தொன்பது இடுப்பு ஒடிந்தாலும் அந்த இடத்துக்குத் தொழிற்சாலை என்ற கெட்ட பெயர் வராது.

சென்னை மட்டும் சளைத்ததா? ஆட்கள் நிற்காமல் ஓடியதால் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டே 1914-ல் வேலை நேரத்தை 8 மணி நேரமாகக் குறைத்தார். நம் சட்டமன்றமோ 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு. பறித்ததைத் திருப்பித் தந்ததற்குக் கைதட்டல் வேறு!

ஜவ்வரிசிக்குத்தான் யோகம். சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் அதற்கு ஆய்வகம் உண்டு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடக்கே விரதமிருப்பவர்களின் கிச்சடிக்குப் போகிற சரக்கு, வெள்ளை மங்கினால் விலை இறங்கிவிடும். கிழங்குப்பாலும் செம்மண்ணும் ஏறி நகக்கண்ணெல்லாம் வெடித்த கையை எந்த ஆய்வகத்தில் காட்டுவது? முதலாளியைக் கேட்டால் மேஸ்திரியைக் கேள் என்கிறார். மேஸ்திரி இன்றைக்கு லீவாம்.