குஞ்சு வளர்த்த குடும்பஸ்தன்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எதையாவது விட்டுவிடத்தான் வருகிறார்கள். வேலையை விட்டவர், சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிவைத்தவர், காப்பியை மட்டும் விடமுடியாமல் தவிப்பவர் என்று கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டருக்கும் ஆள் உண்டு. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கோ எதையாவது பிடித்துக்கொள்வதுதான் வியாதி. மாடித்தோட்டம், பஞ்சகவ்யம், காளான், வீட்டுச் சோப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் கோழிக்குஞ்சில் வந்து நிற்கிறேன். "ரமணர் ஒரு கோவணம், ஒரு கமண்டலத்தோட காலத்தை ஓட்டினார். உங்களுக்கு மொட்டை மாடி பத்தலை" என்பது என் மனைவியின் நிரந்தரத் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

மாடித்தோட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் தக்காளி போடுகிறவன் குரங்குக்குப் போடுகிறான். பழுக்கும்வரை பொறுக்கிற குரங்கை நான் பார்த்ததில்லை. காயாகவே பறித்து, ஒரு கடி கடித்து, ருசி பிடிக்காமல் பக்கத்து வீட்டு வாசலில் எறிந்துவிட்டுப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் குரங்கைத் திட்டமாட்டார், அது அனுமார். என்னைத்தான் திட்டுவார். பஞ்சகவ்யம் அதைவிட மோசம். கொடுமுடி டாக்டர் நடராஜன் புண்ணியத்தில் தமிழ்நாட்டு விவசாயிகள் எத்தனையோ பேர் பயனடைந்த பொருள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் ஊறிக்கிடக்கிற பானையைத் தினமும் கலக்கிவிட வேண்டும் என்பதையும், கலக்குகிற நேரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்லித்தரவில்லை. ஒரு வாரம் தங்குவதாக வந்த மைத்துனர் அன்று ராத்திரியே வேலூர் பஸ் ஏறினார். பானையால் விளைந்த ஒரே பலன் அது. சத்தமாகச் சொல்லமுடியாது.

குஞ்சுகள் தீபத் திருவிழாவில் வந்தன. திருவிழாவுக்கு மாட்டுச் சந்தை கூடும், குதிரைகூட வரும். என் தகுதிக்குச் சைக்கிள் கேரியரில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ரோஸ், பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கலர் கலராகக் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். பையன் பச்சை ஒன்று கேட்டான். நான் ஒரு டஜன் வாங்கினேன். அவன் ஆசைப்பட்டது குஞ்சுக்கு. நான் மனசுக்குள் முட்டைக் கணக்கு போட்டிருந்தேன். ஆளுக்கு ஒன்று அவித்து, மீதியைத் தெருவில் விற்று, ஆறே மாதத்தில் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று கோபுரத்தைத் தாண்டுவதற்குள் முடிவாகிவிட்டது.

வீட்டில் அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். செங்கம் பக்கத்துக் கிராமம். கோழியோடு பிறந்து கோழியோடு வளர்ந்தவர். "ஏண்டா, இதுல ஒண்ணாவது பெட்டையா?" என்றார். பச்சைச் சாயம் பூசிய ஒரு நாள் குஞ்சில் பெட்டை எது, சேவல் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் குஞ்சில் இல்லை, விலையில் இருந்தது. முட்டைக்கோழி ரகத்துக் குஞ்சு பொரிக்கிற இடங்களில் பிறந்த அன்றே பெட்டையையும் சேவலையும் பிரித்துவிடுவார்கள். பெட்டை பண்ணைக்குப் போகும். சேவல் முட்டை இடாது. பிராய்லர் மாதிரி ஆறு வாரத்தில் சதையும் வைக்காது. தீவனச் செலவுக்குக் கட்டுப்படியாகாத அந்தச் சேவல்களை உலகெங்கும் பிறந்த அன்றே கொன்றுவிடுவது வழக்கம். ஜெர்மனி மாதிரி ஒருசில நாடுகளில்தான் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், ஜெர்மனியில் 2022 முதல். நம் ஊரில் அதில் ஒரு பங்குக்குச் சாயம் முக்கித் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக, முட்டைக்காக நான் வாங்கியது முட்டையிடாத காரணத்துக்காகவே விற்கப்பட்ட சரக்கு. அம்மா இதையெல்லாம் விளக்கவில்லை. "சாயம் போனா தெரியும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். நூறு வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதும் என்று படித்துவிட்டுக் கடைத்தெருவில் இறங்கினேன். "குண்டு பல்பா? அதெல்லாம் யார் சார் இப்ப வாங்குறா?" என்று எல்இடியைக் காட்டினார்கள். எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சு சூடாகிற அளவுக்குச் சூடு தராது. சிக்கன மின்சாரம் என்று நாடே மாறியதில் கோழிக்குஞ்சின் கட்சியை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பழைய கடையின் பரணில் தூசி படிந்து ஒன்று கிடைத்தது.

டிவி வந்த அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட்டேன். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே ஒழுங்காகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைந்தால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி. மார்கழி ராத்திரி கரண்ட் போனதும் அடைய ஆரம்பித்தன. நான் டார்ச் தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி எழுந்து வந்து, வெந்நீரை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடி, தன் பழைய பாவாடையைச் சுற்றிப் பெட்டி நடுவில் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "போய்ப் படுங்க" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்குள் தக்காளி, பஞ்சகவ்யம், சோப்பு எல்லாமே இருந்தன.

ஆனாலும் டஜனில் பெரும்பகுதி தங்கவில்லை. பட்டினியும் குளிரும் பயணமுமாக வந்தவை. முதலில் போனது பையனின் பச்சை. எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 1948 ஜூன் 18 அன்று இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு ரமணாசிரமத்தில் சமாதி இருக்கிறது. மான், நாய், காக்கைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள் போல. எனவே பச்சைக்கும் சமாதி வேண்டும் என்று பையன் உட்கார்ந்துவிட்டான். கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டி, கல் நட்டு, கற்பூரமும் ஏற்றினோம். அடுத்தடுத்துப் போனவற்றுக்குக் கற்பூரம் கட்டுப்படியாகாமல் ஊதுபத்தியோடு நிறுத்திக்கொண்டோம்.

மிஞ்சியவற்றையாவது காப்பாற்றத் தடுப்பு மருந்துக்கு ஓடினேன். கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். மருத்துவர்கள் சொல்வது ராணிகேத். இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். ஏழாம் நாள் வாக்கில் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். மருந்துக் குப்பியோ நூறு கோழிக்கானது. திறந்தால் ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். என்னிடம் இருந்ததோ நாலே குஞ்சு. மீதி மருந்தை வீணாக்க மனசு வராமல், பிளாஸ்கும் கையுமாகக் கோழி வளர்க்கிற வீடுகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனேன். "எந்தக் கட்சி சார்?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அரசு ஆண்டுதோறும் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதுவரை பொறுத்திருந்தால் இந்தப் பிரசாரம் மிச்சமாகியிருக்கும்.

சாயம் போனது. வெள்ளை இறகு வந்தது. சிவப்புக் கொண்டை வந்தது. நாலும் சேவல்.

இந்த இடத்தில் நிறுத்தியிருப்பான் புத்தியுள்ளவன். நான் இன்குபேட்டர் செய்தேன். தெர்மோகோல் பெட்டி, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி, ஆன்லைனில் வாங்கிய தெர்மோஸ்டாட், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். முப்பத்தேழரை டிகிரி செல்சியஸ், 21 நாள். 18-ஆம் நாள் வரை முட்டைகளைத் தினமும் பலமுறை புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். பழைய எகிப்தில் எருக்குவியலில் முட்டையைப் புதைத்தே பொரித்தார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். சிரக்கூஸ் நகரத்துக் குடிகாரர் ஒருவரைப் பற்றியும் அவர் சொல்வார்: பாய்க்கு அடியில் முட்டைகளை வைத்து, அவை பொரிகிறவரை விடாமல் குடித்துக்கொண்டே இருந்தாராம். படித்துக் காட்டினேன். "அவராவது குடிச்சிட்டுப் பண்ணினார்" என்றாள் என் மனைவி.

ஏழாம் நாள் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சின்மேல் ஒரு முட்டையை நிறுத்திப் பார்த்தோம். ஓடு முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. நடுவில் மிளகளவு ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய சிவப்பு நரம்புகள். புள்ளி துடித்தது. பையன் மூச்சுவிடவில்லை. நானும்தான். அடுத்த முட்டையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பெரும்பாலானவை கூமுட்டை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஊரிலிருந்து ஒரு சிறுவிடை அடைக்கோழியைப் பையில் போட்டு வரவழைத்தார். கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடிச் சத்தத்துக்குக் கெடாமல் இருக்க ஒரு ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, கோழியை மேலே உட்காரவைத்தார். அது தெர்மோஸ்டாட் இல்லாமல், மூக்காலேயே முட்டைகளைப் புரட்டிக்கொண்டு, நான் கிட்டே போனால் கேறி விரட்டிக்கொண்டு, கடமையை முடித்தது. ஓரிரண்டைத் தவிர எல்லாம் பொரிந்தன. என் பெட்டியில் பிழைத்த ஒற்றைக் குஞ்சையும் அதுவே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இப்போது வீட்டில் முட்டை உண்டு. செலவு முழுவதும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. நாமக்கல்லில் அன்றாடம் முட்டை விலை அறிவிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மயக்கம் போடுவார்கள்.

சேவல்கள்தான் பாக்கி. விடிவதைப் பார்த்துச் சேவல் கூவுவதில்லை, உள்ளே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை அந்தஸ்து வரிசைப்படி பின்னால் கூவும் என்பதையும் அவர்களே பிறகு சொன்னார்கள். எங்கள் வீட்டில் நாலாவது சேவலுக்கும் பிறகுதான் என் குரல். ஆனால் வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் கூவத்தான் செய்கின்றன. பௌர்ணமி ராத்திரியில் தெருவிளக்கும் கிரிவலக் கூட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு மணிக்கு ஆரம்பித்தால் நிற்காது. அருணகிரிநாதருக்கு முருகன் காட்சி தந்த ஊர் என்பதால், போகிறவர்கள் நின்று "அரோகரா" என்று மாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கும்பிடுவதில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு சேவல்கள், நல்ல ஆரோக்கியம், தடுப்பூசி போட்டாயிற்று, குரல்வளத்துக்குத் தெருவே சாட்சி. இலவசம். முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கு முன்னுரிமை. ஒரு பஞ்சாரமும் சேர்த்துத் தருகிறேன். அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அதற்குள் யாரும் வராவிட்டால் மசாலா அரைப்பது என்று அம்மா தேதி குறித்துவிட்டார். வரும்போது பழைய தேனீப் பெட்டி ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தால் போதும், வீட்டில் சொல்ல வேண்டாம்.