மக்கும், மக்காத, மக்கிய: தாராபுரத்து வாளி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தபின், 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்ற இரு தொடர்களும் எங்கும் எழுதப்பட்டுவிட்டன. எழுதியவர் இலக்கணத்தில் ஒன்றை விட்டுவிட்டார். 'மக்கும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். 'மக்காத' அதன் எதிர்மறை. 'மக்கிய' என்ற இறந்தகாலப் பெயரெச்சத்துக்கு மட்டும் பெட்டி கிடையாது. குப்பை மக்கும் என்பதில் அரசுக்கும் குடிமக்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மக்கி முடித்ததா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. விடுபட்ட அந்தப் பெயரெச்சத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். களம், தாராபுரத்தில் எங்கள் வீட்டுப் பொடக்காலி. கருவி, அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று.

முன்னோரின் நிலைப்பாட்டை முதலில் பார்த்துவிடலாம். பாண்டவர் அஞ்ஞாதவாசம் இருந்த விராடபுரம் எங்கள் ஊர்தான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. அப்படியானால் பீமன் சமையற்காரனாக வேலை பார்த்தது இந்த அமராவதிக் கரையில்தான். ஒரு வருடம் பீமன் சமைத்த மடைப்பள்ளியில் எவ்வளவு காய்த்தோல் விழுந்திருக்கும், அது எங்கே போயிற்று என்று உரையாசிரியர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. கௌரவர் படை திரட்டி வந்து கவர்ந்து போக முயன்றது விராடனின் மாட்டு மந்தையை. தோல் முழுதும் அந்த மந்தையின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

திருவள்ளுவர் இந்த விஷயத்தில் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார். உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார். அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார். இரண்டு குறளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் வீட்டில் ஒரு வாளி நிரம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆல்பர்ட் ஹோவர்டு சமாச்சாரம் வேறு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் உட்கார்ந்து, செடிக்கழிவு, சாணி, மாட்டுமூத்திரம் ஊறிய மண், சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டுக் கிளறி, மூன்று மாதத்தில் எரு தயார் என்று கணக்குச் சொன்னவர். யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931-இல் புத்தகமும் போட்டார். அவரிடம் தொழுவம் இருந்தது. என்னிடம் இருப்பது மிக்ஸி.

இந்த வேறுபாட்டைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எங்கள் அம்மாயி காலத்தில் சமையலறைக் கழிவு என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் கழனித்தண்ணித் தொட்டிக்குப் போகும். எருமை அதைக் குடித்துச் சாணியாக்கும். சாணி எருக்குழிக்குப் போகும். கோடைமழை தலைகாட்டியதும் குழியை வெட்டி வண்டியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எரு மக்கிவிட்டதா என்று அன்றைக்கு ஒருவரும் முகர்ந்து பார்த்ததில்லை. உழவுக்கு மழை வந்ததா என்றுதான் வானத்தைப் பார்த்தார்கள். இறந்தகாலப் பெயரெச்சத்தை எருமையும் மழையும் சேர்ந்து பார்த்துக்கொண்டன. எருமை போன பிறகு அந்தப் பொறுப்பு பெயின்ட் வாளிக்கு வந்தது. வாளிக்கு அதற்கான வயிறு கிடையாது.

வாளியின் உண்மையான சிக்கல் தத்துவச் சிக்கல். தினமும் சின்ன வெங்காயச் சருகும் வாழைக்காய்த் தோலும் மேலே விழுந்துகொண்டே இருக்கின்றன. அடியில் கிடப்பது தைப்பொங்கலுக்கு உரித்தது, மேலே கிடப்பது இன்று காலை அரிந்தது. நான்கு தலைமுறை ஒரே கூரையில் இருக்கும் வீட்டில் 'இந்தக் குடும்பத்துக்கு என்ன வயசு' என்று கேட்டால் என்ன சொல்வது? எட்டு மாதம் போட்டும் என் வாளி 'மக்கும்' நிலையிலேயே நின்றது இதனால்தான். தீர்வு இரண்டாவது வாளி. முதல் வாளி நிரம்பியதும் இனி ஒரு கறிவேப்பிலைக் காம்புகூட விழக்கூடாது என்று மூடி, இரண்டு மூன்று மாதம் சும்மா விட வேண்டும். இதைக் கண்டறிய எட்டு மாதமும் 150 ரூபாயும் செலவாயின.

இன்னொன்று, காய்த்தோலில் நீரும் தழைச்சத்தும் மிகுதி. தழைச்சத்து ஒன்றுக்குக் கரிமம் 30 பங்கு இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு முறையும் காய்ந்த வேப்பஞ்சருகோ தேங்காய் நார்த்தூளோ மேலே தூவ வேண்டும். 'ஈரம் அதிகமானால் நாறும்' என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள். தாராபுரத்து ஆடிக்காற்றை அவர்கள் பார்த்ததில்லை. இங்கே மூடி கொஞ்சம் விலகியிருந்தால் மேலடுக்கு அப்பளமாகிவிடும். தண்ணீர் தெளித்துக் கிளறித்தான் மக்கவைக்க வேண்டியிருக்கிறது.

சரி, மக்கியதை எப்படி அறிவது? எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு தத்துவப் பள்ளிகள். நான் மூக்குவாதி. மக்கிய எரு புதுமழை மண் வாசம் வீச வேண்டும். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு 1965-இல்தான் பெயர் வைத்தார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். என் மனைவி கைவாதி. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, தோல் தோலாகத் தெரியக்கூடாது. சந்தேகம் வந்தால் ஈரப்பிடி ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பார்க்கலாம். அழுகல் நாற்றம் வந்தால் பச்சை எரு. அதைத் தொட்டியில் போட்டால், மிச்ச வேலையை முடிக்க நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும், இலை மஞ்சளிக்கும்.

அறுவடை நாளன்று மாவுச் சல்லடையை எடுத்தேன். அதனால் விளைந்த குடும்பச் சிக்கல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கால் அங்குலக் கண் உள்ள கம்பிச் சல்லடை போதும். சல்லடையில் தங்கியவை: மாங்கொட்டை இரண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, உடைந்தும் மக்காத முட்டை ஓடு, ஆப்பிள் மேல் ஒட்டியிருந்த சீட்டு, போன ஆடியில் காணாமல் போய் பலர் மேல் பழி விழுந்த எவர்சில்வர் கரண்டி. கரண்டியையும் சீட்டையும் தவிர மற்றதெல்லாம் அடுத்த வாளிக்கு உறைமோர்.

கீழே விழுந்தது கால் வாளி. மண்ணோடு மூன்றில் ஒரு பங்காகக் கலந்து கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டேன். ஒரு வாரத்தில் தொட்டியிலிருந்து தக்காளியும் அரசாணியும் முளைத்தன. கறிவேப்பிலை அப்படியே நின்றது. காரணம் எளிது: விதையைச் சாகடிக்க 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாள் நிலைக்க வேண்டும். அதற்கு ஆள் இடுப்பளவு குவியல் வேண்டும், பெயின்ட் வாளி காணாது. அம்மாயி தொட்டியை எட்டிப் பார்த்து, "ஏஞ் சாமி, அந்தத் தோலையெல்லாம் அப்பப்ப ஒரு எருமைக்குப் போட்டிருந்தா, இந்நேரம் ஒரு ஈத்து ஈனியிருக்குமே" என்றார். மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டது.

கடைசியாக ஒரு புழு. வாளியடியில் வெள்ளையாக, தடித்து, வளைந்து ஒன்று கிடந்தது. இது நம் பகுதியில் விளையாட்டுக் காரியமில்லை. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியில்தான். அதைக் கொல்ல மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் விடுகிறார்கள். ஆனால் பூவண்டின் புழுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அது குப்பையை மக்கவைக்கும் நல்ல ஜீவன். வேறுபாடு நடையில் இருக்கிறது. தரையில் விட்டால் பூவண்டுப் புழு மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போகும். காண்டாமிருக வண்டின் புழு ஒருக்களித்துக் கிடக்கும். புழுவைச் சிமென்ட் தரையில் விட்டு, முழங்காலிட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்லத் திரும்பியது. மல்லாந்ததா, ஒருக்களித்ததா என்று பார்க்கக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அம்மாயியின் கோழி வந்துவிட்டது.