ஷீகா பலகைக்குச் சார்ஜ் போட்டது யார்? – ஒரு முதற்கட்ட ஆய்வு

வாளும் கோட்டையும் உள்ள வீடியோ கேம் உலகில் நவீனக் கருவிகள் இருக்கலாமா? 'கூடவே கூடாது' என்பது ஒரு கட்சி. 'பூதமே இருக்கிறது, போன் இருந்தால் என்ன' என்பது எதிர்க்கட்சி. இருவரும் கருவியைப் பார்த்தார்களே ஒழிய, அதன் தீனியைப் பார்க்கவில்லை. தீனி கேட்கும் கருவிக்கே அங்கே குடியுரிமை என்பது இவ்வாய்வாளனின் துணிபு.

2016இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 15இல், இளவரசன் நாக்டிஸ் தன் கல்யாணத்துக்கே காரில் கிளம்புகிறான். மந்திரம் தெரிந்தவன்தான். ஆனாலும் பாதி வழியில் வண்டி படுத்துவிட, தோழர்களோடு சேர்ந்து வெயிலில் தள்ளுகிறான். பிற்பாடு பெட்ரோலுக்கும் காசு கட்டுகிறான். ராஜா வீட்டுப் பிள்ளையையே தள்ளவைத்த காரை அந்த மண்ணுக்கு அந்நியம் என்று யார் சொல்வது?

1996இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் இதற்கும் ஒரு படி மேல். சைக்கிள் விலை 10,00,000. ஆனால் நம் பணப்பை கொள்வது 9,99,999 வரைதான். விளையாட்டில் வரும் போக்கிமான் ரசிகர் மன்றத் தலைவர் தன் செல்லப்பிராணியின் அருமை பெருமைகளைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டால், சைக்கிளுக்கான சீட்டு இலவசமாகக் கிடைக்கும். இலவசமாம்! அந்தச் சைக்கிளின் தீனி நம் பொறுமை. மன்றத் தலைவர்களோடு பழகியவர்கள் ரொக்கமே மலிவு என்பார்கள்.

இனிக் குற்றவாளி. 2017இல் வந்த செல்டா விளையாட்டில் நாயகன் லிங்க் நூறாண்டு தூங்கி எழுந்து கையில் எடுப்பது ஷீகா பலகை. வரைபடம் காட்டுகிறது, படம் பிடிக்கிறது, வெடிகுண்டுகூடத் தருகிறது. எழுந்த கணமே பளிச்சென்று எரிகிறது. இவ்வாய்வாளனின் போனோ ஓரிரவு தூங்கி எழுந்தாலே சிவப்புக் கோட்டில் நிற்கிறது.

'பழங்கால மாயசக்தி, சார்ஜ் தேவையில்லை' என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் நிற்காது. அதே ஷீகா வம்சத்துப் பொறிதான் ஹடேனோ ஊர் ஆய்வகத்து உலை. அதற்கு லிங்க் நீல நெருப்பைத் தீவட்டியில் ஏந்தி மேடேற வேண்டியிருக்கிறது. பிறகு கூடுதல் அத்தியாயத்தில் வந்த மோட்டார் சைக்கிளும் அதே வம்சந்தான். வயிற்றில் ஆப்பிளாவது போட்டால்தான் நகரும். யோக்கியமான வண்டி. பலகை மட்டும் பச்சைத் தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

ஆகவே காருக்கும், சைக்கிளுக்கும், ஆப்பிள் தின்னும் வண்டிக்கும் குடியுரிமை வழங்கப்படுகிறது. ஷீகா பலகையின் மனு தள்ளுபடி. மேல்முறையீடு செய்ய விரும்புவோர் சார்ஜரோடு வரவும்.