சித்தப்பாவும் சிவப்பு சிலிண்டரும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ஏகபோக உரிமை சித்தப்பாவுக்கு. பணி ஓய்வுக்குப் பிறகு புதுப் போன் வாங்கியதிலிருந்து அவருக்கு ஒரு பித்து. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, நடுவில் பூ மட்டும் கலர். 'செலக்டிவ் கலர்' என்று பெயராம்.

"நல்லா இருக்கிற தோட்டத்தை ஏங்க இப்படி இழவு வீடா ஆக்குறீங்க?" என்று சித்தி கேட்டார். சித்தப்பா உடனே ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கைத் துணைக்கு அழைத்தார். 1993-இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு சிறுமியின் கோட்டு மட்டும் சிவப்பாகத் தெரியும். "ஆஸ்கரே குடுத்தாங்க, தெரியுமா?" கோட்டுக்கு மட்டுமா கொடுத்தார்கள் என்று கேட்கும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

இந்த வித்தையில் ஒரு வில்லங்கம் உண்டு. போனுக்குப் பூவைத் தெரியாது, நிறத்தைத்தான் தெரியும். சிவப்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளுத்துவிடு என்றால், சிவப்பாக எது இருந்தாலும் விட்டுவிடும். கொல்லையில் பூத்த செம்பருத்தியை சித்தப்பா அப்படித்தான் எடுத்தார். செடிக்குப் பின்னால் சுவரோரம் கேஸ் சிலிண்டர். உலகமே சாம்பல் நிறமாகிக் கிடக்க, உள்ளங்கை அகலத்துக்குப் பூவும் ஆளுயரத்துக்கு சிலிண்டரும் ஜொலித்தன. பேத்தியிடமிருந்து உடனே பதில் வந்தது: "தாத்தா, புக் பண்ணி எத்தனை நாள் ஆச்சு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொரு கூத்து. செம்பருத்தியின் நடுத்தண்டில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். சிவப்பை மட்டும் விட்டதில் பொட்டுகள் பிழைத்தன, மகரந்தம் திருநீறாகிவிட்டது. பூவுக்கு நாமே பட்டை போட்ட மாதிரி.

செங்காந்தளிடம் சித்தப்பா தோற்றே போனார். நம் மாநில மலர் ஆயிற்றே, லேசில் மசியுமா? இதழின் அடி மஞ்சள், நுனி சிவப்பு. நாள் ஆக ஆகச் சிவப்பு கீழே இறங்கும். சிவப்பை மட்டும் வைத்தால் நுனிகள் அந்தரத்தில் தொங்குகின்றன. சரி, மஞ்சளும் இருக்கட்டும் என்றால், இலையெல்லாம் எழுந்து வந்துவிடுகிறது. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலையில் பாதிக்கு மேல் கேமராவுக்கு மஞ்சள்தான். கடைசியில் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பூவை மட்டும் மீட்கப் பார்த்தார். அவர் கட்டைவிரல் ஒரு தடவை பட்டால் மூன்று இதழும் ஒரு வண்டும் சேர்ந்து கலராகிவிடும்.

"மத்த நிறத்தையெல்லாம் முழுசா எடுக்காதீங்க சித்தப்பா, பாதியாக் குறைங்க. பூ தானா முன்னாடி வரும். எடிட் பண்ணினதே யாருக்கும் தெரியாது" என்றேன். எனக்கு அதுதான் சரி என்று இன்றும் படுகிறது.

"யாருக்கும் தெரியலன்னா அப்புறம் எதுக்குடா பண்ணணும்?"

நியாயமான கேள்வி. தவிர, இது பரம்பரை வியாதி. கூடத்தில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் தொங்குகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தக் கால ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் சாயம் பூசிக் கொடுத்தது. பாட்டியின் கன்னம் ரோஜா நிறம், சேலைக் கரை அரக்கு. கை வேகத்தில் தாத்தாவின் உதட்டிலும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. அரை நூற்றாண்டாக முறைத்தபடியே லிப்ஸ்டிக்கோடு நிற்கிறார்.

போன வாரம் சித்தப்பா மல்லிகைப் பந்தலடியிலிருந்து போன் செய்தார்.

"டேய், வெள்ளையை மட்டும் கலரா வைக்க எந்த பட்டனை அமுக்கணும்?"

வெள்ளை கறுப்பு வெள்ளையிலும் வெள்ளைதான் என்று விளக்கினேன். சற்று யோசித்தார்.

"அப்ப இதுக்கு ஒரு வேலையும் இல்லையா?"

"இல்லைங்க சித்தப்பா."

"சரி, பறிச்சு உன் சித்திகிட்ட குடுத்துடறேன்."