அடுத்த திங்கட்கிழமை: ஜொகூர் நடுவயதினரின் நற்றீர்மானங்கள் குறித்து ஓர் ஆய்வு

நடுவயது மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ள எப்போது முடிவெடுக்கிறான் என்பதை ஆராய்ந்தவர்கள் பலர். எப்போது தொடங்குகிறான் என்பதை ஆராய்ந்தவர்கள் சிலரே. ஆராய்ச்சிக்குரிய பொருள் கண்ணில் படுவதே அரிது என்பது காரணமாக இருக்கலாம். இக்குறையைப் போக்கும் பொருட்டு, ஜொகூர் பாருவில் ஒரு மமாக் கடையின் ஓரமேசையில் நெடுங்காலமாக நடந்துவரும் கள ஆய்வின் முடிவுகள் இங்கே முன்வைக்கப்படுகின்றன. ஆய்வுக்கு வெளியிலிருந்து நிதியுதவி ஏதும் பெறவில்லை. தண்ணிக்குக் காசு யார் கொடுப்பது என்பதில் மட்டும் ஆய்வாளருக்கும் ஆய்வுக்குட்பட்டோருக்கும் இடையே வழக்கமான கைப்பிடி இழுப்புகள் நடந்ததுண்டு.

ஆய்வுக்குட்பட்டோர் மூவர்: பாசிர் கூடாங் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்வருகிறவர் ஒருவர். நான்காவது நாற்காலி ஆய்வாளருடையது. மேசை நெடுங்காலம் சனிக்கிழமை காலை மட்டுமே கூடியது. ஏன் சனி என்பதற்கு மாநில அரசின் ஆணையே காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

பெண்கள் ஆய்வில் இல்லை. சேர்ப்பதாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எதையும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஆகவே தொடக்க நாளைப் பதிவு செய்ய வழியில்லை. ஆசிரியரின் மனைவி தாமான் மண்டபத்தில் சும்பா வகுப்புக்குப் போய்வருகிறார் என்ற செய்தியே, அவருடைய ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுத்த தையற்கடை ரசீது சட்டைப்பையில் கிடைத்தபோதுதான் ஆசிரியருக்குத் தெரிந்தது.

வயதெல்லை

நடுவயது எங்கே தொடங்குகிறது? தமிழ் மரபு இங்கே கைகொடுக்கவில்லை. பன்னிரு பாட்டியல் ஆண்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று ஏழாக வகுக்கிறது. 16 வயதில் காளை, 30 வரை விடலை, அதற்கு மேல் முதுமகன். இடையில் ஒன்றுமில்லை. விடலையாகப் படுத்தவன் மறுநாள் முதுமகனாக எழுந்திருக்க வேண்டியதுதான்.

மலேசிய நாடாளுமன்றம் 2019இல் இளைஞர் சட்டத்தைத் திருத்தி, இளைஞருக்கான உச்ச வயதை 40இலிருந்து 30ஆக இறக்கியது. உறுப்பினர்கள் அப்போது பன்னிரு பாட்டியலைப் புரட்டினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. புரட்டவில்லை என்பதற்கும் இல்லை. பெண்களின் கணக்கோ இன்னும் பொருத்தமாக அமைகிறது. பேதை முதல் தெரிவை வரை கடந்து வந்த பெண், பேரிளம்பெண்ணாகி 40இல் நூலை விட்டே வெளியேறுகிறாள். அதே 40இல், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பேக்கா பி40 இலவச மருத்துவப் பரிசோதனை தொடங்குகிறது. புலவர்கள் கைவிட்ட இடத்தில் சுகாதார அமைச்சு கைப்பிடித்துக்கொள்கிறது. மேலெல்லையாக 60ஐ வைத்துக்கொள்ளலாம். தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2013 முதல் சட்டம் அங்கேதான் நிறுத்தியிருக்கிறது.

நடுவயதில் வரும் கலக்கத்துக்கு 'நடுவயது நெருக்கடி' என்று பெயர் சூட்டிய எலியட் ஜாக்கின் கட்டுரை 1965இல் வெளியாயிற்று. ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற கணக்கை உலகத்துக்குக் கொடுத்த 'மான்போ கே' என்னும் ஜப்பானிய நடையளவி விற்பனைக்கு வந்ததும் 1965இல். நோய்க்குப் பெயர் வைத்த ஆண்டிலேயே மருந்தும் கடைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்ததும் அதே ஆண்டு, ஆகஸ்ட் 9. இம்மூன்றையும் முடிச்சுப் போடலாமா என்று ஜொகூர் ஆய்வாளன் எவனுக்கும் கை அரிக்கும். ஆனால் பிரிவினையின்போது மலேசியாவுக்கு வயது 2 கூட நிறையவில்லை. ஆகவே அதை நடுவயது நெருக்கடியில் சேர்ப்பதற்கில்லை.

10,000 அடி என்றால் எவ்வளவு தூரம்? 1924இல் திறந்த ஜொகூர்ப் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். ஓர் அடி எடுத்துவைத்தால் 70 செண்டிமீட்டர் என்று வைத்தால், 10,000 அடிக்குப் பாலத்தை ஆறு முறை முழுதாகக் கடந்து, ஏழாவது முறை பாதி தாண்டியதும் கணக்கு முடியும். ஜொகூரிலிருந்து கிளம்பியவர் அப்போது சிங்கப்பூர்ப் பக்கம் கடலுக்கு மேலே நின்றுகொண்டிருப்பார், வேலைக்கும் நேரமாகியிருக்கும். இந்தக் கணக்கைப் பாலம் தாண்டுகிறவரிடம் காட்டினேன். "பாஸ்போர்ட்டுல ஏடு பத்தாதுண்ணே" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

கிழமைச் சிக்கல்

ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014இல் 'மேனேஜ்மண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும், உணவுக் கட்டுப்பாடு பற்றிக் கூகுளில் தேடுவதும் வாரம், மாதம், ஆண்டு ஆகியவை பிறக்கும்போது கூடுகின்றன என்று தரவோடு காட்டினர். பிறந்தநாளைக் கடந்ததும் கூடக் கூடுகிறதாம். 21ஆம் பிறந்தநாள் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் அன்றைக்குத்தான் சட்டப்படி மதுவைத் தொடலாம்.

அந்த 2014ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் ஜொகூர் தன் வாரத்தின் தலையையே இடம் மாற்றி வைத்தது. மாநில வார விடுமுறை வெள்ளி, சனி என்றாயிற்று. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் ஞாயிறன்று திறந்தன. தொழிற்சாலைகளும் தனியார் நிறுவனங்களும் பெரும்பாலும் பழைய சனி, ஞாயிறிலேயே இருந்துவிட்டன. பாலம் தாண்டுகிறவர்களுக்குச் சிங்கப்பூரின் வாரம். ஒரே தாமானில், சில வீடுகளில் ஒரே கட்டிலில், இரண்டு வாரங்கள் புழங்கின. கணவன் தொழிற்சாலையிலும் மனைவி பள்ளியிலும் இருந்தால் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு சனிக்கிழமை ஒன்றுதான். நம் மேசை சனிக்கிழமை கூடியதன் வரலாறு இதுவே.

இந்த ஏற்பாடு நற்றீர்மானங்களுக்கு என்ன செய்தது என்பதை உலகில் வேறெந்த ஆய்வகமும் கண்டிருக்காது. வாரம் பிறந்ததும் ஹுத்தான் பண்டார் பூங்காவில் நடக்கப் போவதாக மூவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு விடிந்ததும் ஆசிரியர் பள்ளிக்குப் போய்விடுவார். "எனக்கு வாரம் நாளைக்குத்தான தொறக்குது" என்று தொழிற்சாலைக்காரர் திரும்பிப் படுப்பார். திங்கள் வந்ததும் ஆசிரியர், "பாதி வாரத்துல என்னத்த ஆரம்பிக்கிறது, முழுசா ஆரம்பிப்போம்லா" என்பார். இருவரும் சேர்ந்து வரட்டும் என்று சிங்கப்பூர்க்காரர் காத்திருப்பார். இப்படி 11 ஆண்டுகள், ஒருவர் மேலும் குற்றம் சுமத்த இடமில்லாமல், மிகுந்த நட்புணர்வோடு கழிந்தன.

2025 ஜனவரி 1 முதல் ஜொகூர் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. ஆய்வாளனின் ஆயுளில் ஒருமுறை வரும் வாய்ப்பு இது. சாக்கு என்று கருதப்பட்ட காரணியை அரசே ஒரே இரவில் நீக்கித் தந்திருக்கிறது; இனி நடந்தால் கிழமைதான் தடையாக இருந்தது என்று பொருள். ஜனவரி 1 புதன்கிழமை. ஜொகூரில் ஆங்கிலப் புத்தாண்டு பொது விடுமுறையும் அல்ல. ஆகவே அன்று எவரும் எதையும் தொடங்குவார் என்று எதிர்பார்க்கவில்லை. நாள் குறித்தது ஜனவரி 6, திங்கள். மூவருக்கும் ஒரே திங்கள்.

அந்த வாரக் கடைசியில் தென்ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பெருமழை கொட்டித் தீர்த்தது. 14ஆம் தேதி பொங்கல். 29ஆம் தேதி சீனப் புத்தாண்டு. அதன் திறந்த இல்ல உபசரிப்புகள் ஒரு நாளில் முடிவதில்லை. பிப்ரவரி 11 தைப்பூசம். "ஸ்கூல் தொறக்கட்டும்" என்றார் ஆசிரியர்; அவ்வாண்டு புதிய பள்ளித் தவணை பிப்ரவரி நடுவில்தான் தொடங்கியது. மார்ச் முழுக்க ரமலான் பசார்கள். நோன்பு இருக்கிறவர்களைவிட இருக்காதவர்களே அங்கே கூடுதல் என்பது என் கணிப்பு. மார்ச் 31 நோன்புப் பெருநாள். "சித்திரை பொறக்கட்டும், நம்ம வருஷம்" என்று தொழிற்சாலைக்காரர் இனமான அடிப்படையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஏற்கப்பட்டது.

வார விடுமுறை மாற்றத்தால் அளந்து காட்டக்கூடிய விளைவு ஒன்றே ஒன்றுதான் ஏற்பட்டது. சனியும் ஞாயிறும் மூவருக்கும் பொதுவாகிவிட்டதால் மேசை இப்போது வாரம் இருமுறை கூடுகிறது. தே தாரேக் நுகர்வு இரட்டிப்பாகியிருக்கிறது.

48 + 18

ஒரு பழக்கம் உடம்பில் படிய எத்தனை நாள்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010இல் அச்சிட்ட கட்டுரையின்படி, நடுமட்டமாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை போகலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவர்கள் ஒரு மண்டலம் விரதம் இருக்கத் தெரிந்தவர்கள். மண்டலத்தை 48 நாள் என்று கொள்வோர் உண்டு. சபரிமலையில் படிகள் 18. 48ஐயும் 18ஐயும் கூட்டினால் 66. லண்டன் 2010இல் கண்டதைப் பம்பைக் கரை எப்போதோ கண்டுவிட்டது. சபரிமலை விரதம் 41 நாள்தானே என்று கேட்பீர்கள். 41 என்று கொண்டால் கூட்டல் 59இல் நின்று கணக்கு உதைக்கிறது. ஆகவே 48 என்றே கொள்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் தனியே வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், எப்படியும் அனுப்புவீர்கள்.

கூட்டல் கிடக்கட்டும். மேசையில் உள்ள தொழிற்சாலைக்காரர் ஆண்டுதோறும் மாலை போடுகிறவர். 41 நாளும் விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், பாயில் படுக்கிறார், புலாலும் புகையும் அறவே இல்லை. புரட்டாசி முழுக்க முட்டை கலந்த கேக்கைக்கூட முகர்ந்து பார்த்து ஒதுக்குகிறார். கிளினிக்கில் மருத்துவர் இதில் கால்வாசி கேட்டதற்கு, "மனுசனால முடியுமா டாக்டர்?" என்று கேட்டவரும் இவரே. மன உறுதி இல்லாதவர் என்று இவரை எந்த நூலை வைத்தும் சொல்ல முடியாது. பெருமாளுக்கும் ஐயப்பனுக்கும் கொடுத்த வாக்கு வேறு, கொலஸ்டிராலுக்குக் கொடுத்த வாக்கு வேறு. ஊரே சேர்ந்து இருக்கும் விரதத்தில் தவறினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். கொலஸ்டிராலுக்கு மாலை கிடையாது, கறுப்பு வேட்டி கிடையாது, குருசாமி கிடையாது, மாலையைக் கழற்றும் நாளும் கிடையாது. மருத்துவர்கள் யோசிக்கலாம்.

லாலியின் கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடுவதில்லை. இதை மேசையில் படித்துக் காட்டியது பிசகாகப் போயிற்று. மூவரும் தவறும் நாளிலிருந்து தொடங்கினார்கள்.

முரண் தரவு

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றும், 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள் என்றும் சொல்கிறது. நான்கு நாற்காலி மேசைக்குப் பின்னது 2.18 பேர். அந்த 0.18 யார் என்பதில் இன்றளவும் தகராறு உண்டு. சீனி கூடிய பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது, பின்னர் ஏற்றவும் பட்டது. அது போத்தலிலும் டின்னிலும் அடைத்து வருவதற்கு. மமாக் கடைக் கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு விரற்கடைக்குப் படியும் கெட்டிப் பாலை அந்த வரி தொடுவதில்லை.

எங்கள் ஊர் நடுவயதினன் இறங்கும் படிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: தே தாரேக், பிறகு சீனி குறைத்த தே தாரேக் குராங் மானிஸ், பிறகு தே சி குராங் மானிஸ், பிறகு சீனியே இல்லாத தே சி கோசோங், கடைசியாகப் பாலும் இல்லாத தே ஓ கோசோங். பெரும்பாலோர் இரண்டாம் படியில் பாய் விரித்துப் படுத்துவிடுகிறார்கள். குராங் மானிஸ் என்று சொன்ன வாயாலேயே ரொட்டி சானாய்க்குச் சீனி கேட்பதையும் பதிவு செய்திருக்கிறேன்.

ஆடி மாதத் தேய்பிறையில், சனிக்கிழமை, எதையும் தொடங்கக் கூடாது என்று நாட்காட்டி தடுப்பதெல்லாம் ஒன்றுகூடிய ஒரு காலையில், சிங்கப்பூர்க்காரர் உட்காரும் முன்பே, "தே ஓ கோசோங் ஒன்னு" என்றார். இரண்டாம் படியிலிருந்து நேராக ஐந்தாம் படி. தண்ணி கலக்குகிறவர் கையில் ஏந்திய மக்கோடு ஒரு கணம் நின்றார்.

"ரிப்போர்ட் வந்துருச்சாண்ணே?"

"ம்."

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"எவ்ளோ?"

எண்ணைச் சொன்னார். தண்ணி கலக்குகிறவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். மேசையில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியர் மட்டும் நெடுநேரம் கழித்து, நாமும் ஒரு நல்ல நாளாகப் பார்த்து ஆரம்பித்துவிட வேண்டும் என்றார். தொழிற்சாலைக்காரர் ஆவணி பிறக்கட்டும் என்றார்.

அவ்வாண்டின் தீபாவளிக்கு முன்பே சிங்கப்பூர்க்காரர் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் ஹுத்தான் பண்டாரில் நடக்கிறாராம். குளுவாங் பக்கம் 510 மீட்டர் லம்பாக் மலையில் ஏறி இறங்கியதாகவும் கேள்வி. நேரில் போய்ச் சரிபார்க்க ஆய்வின் நெறிமுறை இடம் தரவில்லை, ஆய்வுக்களம் இந்த மேசை என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டோம். மாறியவர்கள் மேசையை விட்டுப் போய்விடுவதால், மாறாதவர்களே தரவாக எஞ்சுகிறார்கள் என்று மதிப்பீட்டாளர்கள் குறை சொல்லக்கூடும். குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே 'தொடர்பு அறுந்தது' என்று எழுதி, ஆய்விலிருந்து நீக்கியிருக்கிறேன். காலியான நாற்காலிக்கு 40 வயது நிரம்பிய ஒருவர் தேவை. சனி, ஞாயிறு இரு நாளும் வரக்கூடியவராக இருக்க வேண்டும்.