பனங்கொட்டையும் ஒட்டுக்கன்றும்

எங்கள் தாத்தா கண்மாய்க்கரையில் பனங்கொட்டை ஊன்றியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பனை பாளை விடப் பதினைந்து வருஷமாவது ஆகும். ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியும். ‘தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்பார்கள். தாத்தாவுக்குப் பார்க்கவும் வாய்க்கவில்லை.

ஆனாலும் சாத்தூர் வட்டாரத்து மானாவாரிக்காரர்கள் சளைக்காமல் ஊன்றினார்கள். நுங்குக்குத்தான் பதினைந்து வருஷம். ஆவணி, புரட்டாசியில் புதைத்த கொட்டை தைப்பொங்கலுக்குக் கிழங்காகிவிடும். தோண்டாமல் விட்டது வடலியாகி நிற்கும். வடலி ஓலையில் பெட்டி முடைவார்கள், கூரை வேய்வார்கள். ஓலைவெடிக்கும் அதே ஓலைதான்: நறுக்கை முக்கோணமாக மடித்து, உள்ளே மருந்து வைத்து, முனையில் திரி செருகியிருப்பார்கள். சின்ன வயதுத் தீபாவளியில் எங்கள் தெரு முழுக்க அந்த ஓலைக் கிழிசல்தான் கிடக்கும்.

புளியும் நாவலும் கொட்டை போட்டு வளர்த்தால் காய்க்க எட்டு, பத்து வருஷம். எங்கள் சிறுவயதில் அது நீண்ட காலமாக யாருக்கும் தோன்றவில்லை. இப்போது பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம். 1 புளி ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கிறது. ஒட்டு நெல்லியும் ஏறக்குறைய அப்படித்தான். கொய்யாவுக்கு இரண்டு, மூன்று வருஷம். செடிமுருங்கைக்கு ஆறே மாதம். ஒட்டுமா முதல் வருஷங்களிலேயே பூத்துவிடும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் பூவைக் கிள்ளினால்தான் மரம் தேறும்.

ஒட்டுக்கன்றுக்கு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளாவிட்டால் மேலே ஒட்டு பட்டுப்போய், நாட்டுக்கன்று தலையெடுத்துவிடும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அந்த ஆளும் தண்ணீரும்தான் எங்கள் பக்கம் அருகிவிட்டன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னால் வந்த பட்டாசும் இந்த வானம் பார்த்த பூமிக்கு வாரச் சம்பளம் கொடுத்தன. சனிக்கிழமை கூலியில் அடுப்பெரிகிற வீட்டைப் பார்த்து, ஐந்து வருஷம் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் காத்திருப்பு பாதியாகக் குறைந்த பிறகும் புஞ்சைகள் தரிசாகக் கிடக்கின்றன.

தண்ணீரும் காவலும் கேட்காமல் வளர்வது பனைதான். 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு 76 லட்சம் பனை விதை வழங்குவதாகச் சொன்னது; பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. இரண்டுமே நல்ல காரியம். ஆனால் ஊன்றிய கரையிலேயே அடுத்த வருஷம் தூர்வாரும் ஜேசிபி ஏறினால், முளைத்த வடலியும் மண்ணோடு போய்விடும். விதையைக் கொடுப்பவர்கள், எந்தக் கரையில் எங்கிருந்து எதுவரை ஊன்றியிருக்கிறது என்பதை ஊராட்சியில் எழுதிவைத்து, வண்டி ஏறுமுன் ஓட்டுநருக்குக் காட்டச் சொல்ல வேண்டும்.