மூன்று தலைமுறைக்கு ஒரு பிரவுசர்

ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியதில்லை. ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் எந்தெந்த டேப் திறந்து கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் போதும். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு நிலவரம், இடமிருந்து வலமாக: இன்றைய ராசிபலன், நேற்றைய ராசிபலன் (பலித்ததா என்று சரிபார்க்க), மின்கட்டண ரசீது, பிளஸ் டூ வேதியியல், கொரியன் சீரியல், கொரியன் சீரியலை மறைக்க இன்னொரு வேதியியல், மாமனாரின் செய்தித்தாள்கள், கூகுள், கூகுள், கூகுள்.

கடைசி மூன்றும் மாமனாருடையவை. கூகுளுக்குப் போக வேண்டும் என்றால் மேலே இருக்கும் பட்டையில் 'கூகுள்' என்று தட்டி, வருவதில் முதலாவதை அழுத்தி, அங்கே போய்த்தான் எதையும் தேடுவார். அது ஏற்கெனவே கூகுள்தான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டும் மாப்பிள்ளை, நேரா வாசல் வழியா போறதுதான் மரியாதை" என்றார். அவர் தனியாள் இல்லை. மைக்ரோசாஃப்டின் பிங்கில் மக்கள் அதிகம் தேடும் சொல்லே 'கூகுள்'தான் என்று 2021-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளின் வழக்கறிஞரே வாதாடியிருக்கிறார்.

அந்த மாமனார்தான் ஒருநாள் தீர்மானம் கொண்டுவந்தார். "பிரவுசர் ரொம்ப இழுக்குது மாப்பிள்ளை. வேற நல்லதா ஒண்ணு போடுங்க." வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று கொட்டேஷனாவது வாங்காமல் பேனாகூட வாங்கமாட்டார். எனவே நான் பட்டியல் தயாரிக்க வேண்டியதாயிற்று.

தயாரித்த பிறகுதான் சங்கடம். குரோம் 2008-இல் வந்தது. எட்ஜ் தன் சொந்தச் சரக்கை விட்டுவிட்டு 2020-இல் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டது. நார்வேக்காரர்களின் ஒபேரா 2013-லேயே மாறியாயிற்று. பிரேவும் அதே, விவால்டியும் அதே. நம்ம ஊர் ஜோஹோ 2023-இல் வெளியிட்ட உலாவும் உள்ளே குரோமியம்தான். "ஆறு பேர் போட்டிருக்கீங்க, ஆறுக்கும் ஒரே எஞ்சினா?" என்று மாமனார் என்னை டெண்டரில் தில்லுமுல்லு செய்த குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒவ்வொரு பிரவுசரும் ஒரு தளத்துக்குள் நுழையும்போது 'நான் இன்னார்' என்று ஒரு வரி சொல்லிக்கொள்ளும். குரோம் என்ன சொல்கிறது தெரியுமா? மொசில்லா 5.0, ஆப்பிள் வெப்கிட், கே.ஹெச்.டி.எம்.எல்., கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி. பெண்ணின் பெயரைப் போடுவதற்குள் கொள்ளுத்தாத்தா, அவர் வகித்த மணியம், சிறிய தாத்தா, அவர் படித்த பி.ஏ. எல்லாம் வந்துவிடும் கல்யாணப் பத்திரிகை தோற்றது. காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் சில தளங்கள் நெட்ஸ்கேப் வந்தால் மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டின. நெட்ஸ்கேப் தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்டது. பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பந்தியில் இடம் கிடைக்க 'நானும் மொசில்லாதான்' என்றது. அதற்கடுத்து வந்தவர்கள் முன்னால் வந்தவர்கள் எல்லாருடைய பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். முப்பது வருடமாக ஒருவரும் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. திருத்தினால் எங்கோ ஒரு பழைய தளம் கதவைச் சாத்திவிடுமோ என்று பயம்.

குரோமியம் குடும்பத்துக்கு வெளியே மிச்சம் இருப்பவர்களில் பெயர் சொல்லும்படி இருவர்தான், ஃபயர்பாக்ஸும் சஃபாரியும். சஃபாரி ஆப்பிள் வீட்டை விட்டு வெளியே வராது. இதைச் சொன்னதும் என் மச்சினன் தன் ஐபோனை நீட்டி, "அத்தான், நான் இதுல குரோம் போட்டிருக்கேன். சஃபாரியைவிட எவ்வளவு ஸ்பீடு பாருங்க" என்றான். நம் நாட்டு ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம்ப்பா, பறக்குது" என்றேன். அடுத்த மாதம் அவனிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் ஃப்ரீயா குடுக்கறானே, அவனுக்கு என்ன லாபம்?" என்றார் மாமனார். இது மேலாளர் கேட்கிற கேள்வி. லாபம் மேலே இருக்கும் அந்தப் பட்டையில் இருக்கிறது. சஃபாரியின் பட்டையில் கூகுள் உட்கார்ந்திருப்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு இது. ஃபயர்பாக்ஸின் மொசில்லாவுக்கும் பெரும் வருமானம் கூகுள் தருவதுதான். "ஒரு பட்டைக்கா!" என்று மாமனார் நாற்காலியில் சாய்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டையில் தட்டும்போது கொஞ்சம் பயபக்தியோடு தட்டுகிறார். 'கூகுள்' என்றுதான்.

சரி, வேகத்துக்கு வருவோம். பிரவுசரில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் யார் யார் எவ்வளவு மெமரியைத் தின்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வரும். குரோமிலும் வரும், ஃபயர்பாக்ஸிலும் வரும். இதைவிட உபயோகமான சாவிக்கூட்டணி கம்ப்யூட்டரில் இல்லை என்பது என் கட்சி. இப்போதைய பிரவுசர்கள் டேப்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து வைக்கின்றன. ஒன்று நோயில் விழுந்தால் மற்றது பிழைக்கட்டும் என்று. அந்தப் பத்திரத்துக்கு விலை மெமரி. எங்கள் பட்டியலைத் திறந்தால், முதலிடத்தில் வேதியியலும் இல்லை, கொரியாவும் இல்லை. ஒரு வத்தக்குழம்பு. நாலு ஜிபி மெமரியில் அரை ஜிபிக்கு மேல் அதுவே. சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் வதக்கவும் என்கிற ஒரு வரிக்கு முன்னால் தானாக ஓடும் மூன்று வீடியோ, பின்னால் நகைக்கடை, இரண்டு ஓரத்திலும் புடவை.

"இதை மூடலாமாம்மா?"

"மூடிட்டா தொலைஞ்சு போயிடும்டா."

"கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினா மூடின டேப் திரும்ப வரும்மா."

"வரலைன்னா?"

இதற்கு எந்தக் கம்பெனியிடமும் பதில் இல்லை. அம்மாவுக்கு மூடுதல் என்பதே ஆகாது. அவருடைய ஆண்ட்ராய்டு போனில் குரோமின் மூலையில் டேப் எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிரிப்பு முகம் இருக்கிறது. நூறை எட்டிவிட்டால் குரோம் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்து, நீட்சிகள் என்னும் எக்ஸ்டென்ஷன்கள். கோடை விடுமுறைக்கு வந்துபோன அக்கா பையனின் கைங்கரியத்தில் மவுஸ் அம்பு பூனையாகியிருந்தது. கூப்பன் தேடித் தருகிற ஒன்று, தினம் ஒரு சுவிட்சர்லாந்து படம் மாட்டுகிற ஒன்று, எதற்கென்றே தெரியாத ஒன்று. இவற்றில் பாதிக்கு மேல் 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களையும் படிக்கலாம், மாற்றலாம்' என்று அனுமதி வாங்கி வைத்திருந்தன. பூனைக்கு எதற்கு வங்கிக் கணக்கு? எல்லாவற்றையும் எடுத்தேன். பூனைக்காக மட்டும் மகள் ஒருவேளை சாப்பிடவில்லை.

பெரிய தொல்லை நோட்டிஃபிகேஷன். திரையின் ஓரத்தில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று சிவப்பில் வந்துகொண்டே இருந்தது. வைரஸ் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பட்டுமா?' என்று கேட்டிருக்கிறது, யாரோ சரி என்றிருக்கிறார்கள், அது விளம்பரக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அனுமதி பெற்றவர்களின் ஜாபிதா நீளமாக இருந்தது. யார் கொடுத்தது என்று விசாரித்ததில் அம்மா ஒளிவுமறைவில்லாமல், "அவன் மரியாதையா கேக்கறான், வேண்டாம்னா நல்லா இருக்குமாடா?" என்றார். செட்டிங்ஸில் இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அடைத்தேன். வீட்டுப் பிரவுசரில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மாடி வீட்டு நண்பர் தினமும் காலையில் பல் தேய்த்ததும் கேஷை அழிக்கிறவர். என்னையும் அழிக்கச் சொன்னார். ஒருமுறை இறக்கிய படங்களை மறுபடி இறக்காமல் இருக்கத்தான் கேஷே இருக்கிறது. தினம் அழித்தால் தினம் முதலிலிருந்து ஆரம்பம். அவரிடம் வாதாடவில்லை, அவருக்கு அதில் ஒரு சுத்தம் கிடைக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட் கடைப் பையன் பேச்சையே வளர்க்கவில்லை. "சார், எந்த பிரவுசர் போட்டாலும் ஹார்டு டிஸ்க்ல இழுக்கத்தான் செய்யும். எஸ்.எஸ்.டி. மாத்துங்க, ரேம் இன்னொரு நாலு போடுங்க." மாற்றினோம், போட்டோம். மெய்யான வேகத்தில் பெரும்பங்கு அந்தப் பையனுடையது. அதை மாமனாரிடம் நான் சொல்லவில்லை.

முடிவில் வீட்டுக்கு இரண்டு பிரவுசர் என்று தீர்மானமானது. பணம் சம்பந்தப்பட்டதற்கு ஒன்று. அதில் நீட்சி கிடையாது, வேடிக்கை கிடையாது, என் மனைவியைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஃபயர்பாக்ஸ். அம்மாவுக்காகவே அது படைக்கப்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பழைய டேப்களைத் திறந்து வை என்று சொல்லி வைத்தால், மறுநாள் எல்லாம் வரிசையாக நிற்கும். ஆனால் தொட்டால்தான் உயிர் வரும். மூடவும் இல்லை, மெமரியும் போகவில்லை. பக்கங்களின் இயல்பு அளவை 133 சதவீதம் ஆக்கினேன். மாமனார் பூதக்கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டார். விளம்பரத்தைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் போட்டேன். குரோம் நீட்சிகளின் விதியை மாற்றியதில் அங்கே இதன் லைட் வடிவம்தான் மிச்சம். ஃபயர்பாக்ஸில் முழு உருவமும் ஓடுகிறது. வத்தக்குழம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. சுண்டைக்காய், புளி, பெருங்காயம், அவ்வளவுதான். வீடே மெச்சியது.

ஆடி பாதி கடந்த பிறகு அம்மா கேட்டார். "ஏண்டா, இந்த வருஷம் தி.நகர்ல யாருமே தள்ளுபடி போடலையா?"

"போட்டிருப்பாங்களேம்மா."

"அப்புறம் ஏன் ஒரு புடவைகூடக் கண்ணுல படலை?"

விளம்பரத் தடுப்பான் என்றால் என்ன என்று பெருமையோடு விளக்கினேன். அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து வத்தக்குழம்பு வைக்கறேன். அதை எனக்கு எவனாவது சொல்லித் தரணுமா? அந்தப் பக்கத்தைத் திறக்கறதே ஓரத்துல வர்ற புடவைக்காகத்தான்டா."

அந்த ஒரு தளத்துக்கு மட்டும் யூபிளாக்கை அணைத்துக் கொடுத்தேன். மூன்று வீடியோவும் எழுந்து ஓட, இடது ஓரத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு வந்து நின்றது. மாமனார் செய்தித்தாளை நகர்த்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேட்டி வருமா மாப்பிள்ளை?"